வண்டலூர் தராத வண்டி

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையைப் போல் காரின் குணத்தைத் துருவிக் கேட்கும் பரீட்சகர் வேறில்லை என்பது என் கட்சி. சமவெளியில் எல்லா வண்டிகளும் யோக்கியமானவைதாம். வளைவில்தான் சாயம் வெளுக்கும். ஆகவே அந்த ஜவ்வாது மலைப் பாதையை மனத்தில் வைத்துக்கொண்டே இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிடப் போகிறேன். ஒன்று, 1962-இல் இங்கிலாந்தில் பிறந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். மற்றது, 1998-இல் நம் நாட்டில் பிறந்த ஸான் ஸ்டார்ம்.

ஸ்பிட்ஃபயர் நமக்கு அந்நியமல்ல, ஒருவகையில் பங்காளி. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டு காரைச் செய்துவந்தது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைத்தான் இங்கிலாந்தில் குட்டையாக்கி, ஹெரால்டை வரைந்த இத்தாலியர் மிக்கெலோட்டியைக் கொண்டே மேலுக்கு அழகான சட்டை தைத்துப் போட்டார்கள். இரண்டுமே சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மலைவளைவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆக, எலும்பு வண்டலூரில் இருந்தது. பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. லைசென்ஸும் பர்மிட்டும் அரசாண்ட காலம். சாதாரணக் காருக்கே பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இருவர் மட்டும் உல்லாசமாகப் போக இரும்பும் அந்நியச் செலாவணியும் எந்த அதிகாரி கொடுப்பார்? மலைக்கிராமத்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த நாடு இது. அந்த மறுப்பை என்னால் முழுவதும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஏக்கம் ஏக்கந்தான்!

ஸ்பிட்ஃபயரிடம் ஒரு துர்க்குணம் உண்டு. வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்சக்கரம் உள்ளே மடங்கி, வால்பக்கம் வீசிக்கொண்டு போகும். 1970-இல்தான் அதற்குச் சரியான வைத்தியம் செய்தார்கள். நம் ஹெரால்டுக்கும் அதே வியாதி. 1972-இல் வந்த கெஸலில் பழைய மாதிரி அச்சையே போட்டுவிட்டார்கள்.

முப்பத்தாறு வருஷம் கழித்து ஸான் ஸ்டார்ம் வந்தபோது கணக்கைப் பார்த்துச் சிரித்தேன். ஸ்பிட்ஃபயருக்கு 1147 ஸி.ஸி., 63 குதிரைச் சக்தி. ஸ்டார்முக்கு ரெனால்ட் கம்பெனியின் 1149 ஸி.ஸி. எஞ்சின், 60 குதிரைச் சக்தி. இரண்டு ஸி.ஸி. கூடி மூன்று குதிரை குறைந்திருந்தது! உடம்பு கண்ணாடியிழை, மழைக்குத் துருப்பிடிக்காது. முன்சக்கரங்கள் இழுப்பதால் வால் வீசும் பயமும் குறைவு. இறங்கும்போது ஸ்டார்மைத்தான் நம்புவேன். ஏறும்போது மனம் ஸ்பிட்ஃபயரிடம் போகிறது.

1980-இல் முடிவதற்குள் ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. ஸ்டார்ம் வந்தபோது பர்மிட் தடையெல்லாம் தளர்ந்திருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. கார் என்றால் குடும்பத்தோடு பாட்டியும் ஏறவேண்டும் என்பது நம்மவர் சட்டம்.

இரண்டில் எதில் ஜமுனாமரத்தூர் போவீர் என்று என்னைக் கேட்டால், பழைய ஹெரால்டில் என்பேன். திரும்பும்போது ஒரு மூட்டை சாமையும் இரண்டு பலாப்பழமும் வைக்க அதில்தான் இடமிருக்கிறது.