அப்புறம் படிக்கலாம்

2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. மேசைக் கணினியில் பார்க்கிற அதே இணையப் பக்கங்களை உள்ளங்கையில் பார்க்கலாம் என்பதுதான் அதன் பெரிய பெருமை. ஆனால் அதில் 3ஜி கிடையாது. வை-ஃபை இல்லாத இடத்தில் எட்ஜ் என்ற ஆமை வேக இணைப்பு ஒன்றுதான். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தால் அதுவும் போய்விடும்.

நியூயார்க்கில் மார்க்கோ ஆர்மென்ட் என்ற இளைஞருக்கு இது தினசரிப் பிரச்சினை. டம்ப்ளர் தளத்தை டேவிட் கார்ப் தொடங்கியபோது கூட இருந்து நிரல் எழுதியவர் அவர். புறநகரிலிருந்து ரயிலில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். பகலில் அலுவலகக் கணினியில் நல்ல நல்ல கட்டுரைகள் கண்ணில் படும், படிக்க நேரம் இருக்காது. மாலை ரயிலில் நேரம் கிடைக்கும், கையில் கட்டுரை இருக்காது. இதற்காகத் தனக்கே தனக்கென்று ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டார். பிரவுசரின் மேல்பட்டையில் ஒரு பொத்தான், அதில் ‘அப்புறம் படி’ என்று அர்த்தம் வரும் இரண்டு சொற்கள். அதை அமுக்கினால் பக்கத்தின் முகவரி ஒரு பட்டியலில் போய் உட்காரும். போனில் அந்தப் பட்டியலைத் திறந்து படிக்கலாம். கோப்புறை, தலைப்பு வாரியாகப் பிரிப்பது, எதுவும் இல்லை. சில காலம் தானே பயன்படுத்திப் பார்த்துவிட்டு, 2008 ஜனவரியில் ஊருக்குத் திறந்துவிட்டார். அதுதான் இன்ஸ்டாபேப்பர்.

அதற்குச் சில மாதம் முன்பே, 2007 ஆகஸ்டில், நேட் வைனர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்காக ஒரு இணைப்பு நிரல் வெளியிட்டிருந்தார். அதன் பெயரே ‘ரீட் இட் லேட்டர்’. பின்னாளில் பாக்கெட் என்று பெயர் மாறியது அதுதான். யார் முந்தி என்ற வழக்குக்குள் நான் போகப் போவதில்லை. ஒரே பசி இரண்டு வீட்டில் எடுத்தது, இரண்டு வீட்டிலும் உலை வைத்தார்கள்.

பக்கங்களைக் குறித்து வைக்க அதற்கு முன் வழி இல்லாமல் இல்லை. 1993-ல் வந்த மொசைக் பிரவுசரிலேயே பிடித்த பக்கங்களின் பட்டியல் உண்டு. ஆனால் புக்மார்க் என்பது ஊறுகாய் ஜாடி. பத்திரமாக இருக்கட்டும் என்று மூடி வைப்பது. இந்த இரண்டு பேர் செய்தது கட்டுச்சோறு. பயணத்துக்காகக் கட்டுவது, வழியில் தின்றுவிட்டு இலையை எறிவது. படித்து முடித்த கட்டுரை பட்டியலை விட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பதுதான் இதில் புதுமை என்று எனக்குப் படுகிறது.

கட்டுச்சோற்றில் கல் பொறுக்கியாக வேண்டுமே, அந்த வேலையும் அதே காலத்தில்தான் நடந்தது. விளம்பரம், பக்கவாட்டுப் பட்டி, ‘இதையும் படியுங்கள்’ எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கட்டுரையை மட்டும் எடுப்பது எப்படி? 2009-ல் நியூயார்க்கின் ஆர்க்90 நிறுவனம் ரீடபிலிட்டி என்ற சிறு நிரலை வெளியிட்டது. அதற்கு மொழி தெரியாது, அர்த்தம் தெரியாது. பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி மதிப்பெண் போடும். 25 எழுத்துக்குக் குறைவான பத்தியைக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு மதிப்பெண். ஒவ்வொரு 100 எழுத்துக்கும் ஒன்று, ஆனால் மூன்றுக்கு மேல் கிடையாது. பத்தி வாங்கிய மதிப்பெண் அதைச் சுமக்கும் பெட்டிக்கு முழுசாகவும், அந்தப் பெட்டியைச் சுமக்கும் பெட்டிக்குப் பாதியாகவும் போய்ச் சேரும். எழுத்தில் சுட்டிகளின் பங்கு கூடக் கூட மதிப்பெண் வெட்டு. எந்தப் பெட்டி முதலிடமோ அதுதான் கட்டுரை.

காற்புள்ளியை ஏன் எண்ண வேண்டும்? மெனுவிலும் பொத்தானிலும் யாரும் காற்புள்ளி வைப்பதில்லை, வாக்கியம் எழுதுகிறவர்தான் வைக்கிறார். யோசித்தவரோடு கைகுலுக்கத் தோன்றுகிறது. நம் ஆட்களுக்குத்தான் கொஞ்சம் நஷ்டம். போய்ப் பார்த்துப் பேசிச் சிரித்துத் திரும்பி வந்து என்று வினையெச்சத்தை அடுக்கி ஒரு பத்தியையே காற்புள்ளி இல்லாமல் ஓட்டிவிடுகிற தமிழ் உரைநடைக்கு, காற்புள்ளிக்கான மதிப்பெண் கைக்கு வராது.

ஆர்க்90 அந்த நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்தது. 2010 ஜூனில் வந்த சஃபாரி 5-ன் ‘ரீடர்’ வசதியில் ஆப்பிள் அதை எடுத்துக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸில் இன்று முகவரிப் பட்டையில் தெரிகிற தாள் வடிவப் பொத்தானுக்கும் அதே வம்சம்தான்.

அதே 2010-ல், ஏப்ரல் 3 அன்று, ஐபேட் வந்தது. சாய்ந்து உட்கார்ந்து படிக்கத் தோதான 9.7 அங்குலத் திரை. ஆனால் முதலில் வந்தவற்றில் வை-ஃபை மட்டும்தான். வீட்டு வாசலைத் தாண்டினால் இணையம் கிடையாது. இணையம் இல்லாத இடத்திலும் படிக்க உதவும் செயலியாக அதற்குள் வளர்ந்துவிட்ட இன்ஸ்டாபேப்பருக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்குமா? முதல் நாளே அது ஐபேடில் இருந்தது. கட்டுரைகளை வீட்டில் இறக்கிக்கொண்டு கிளம்பினால் போதும். மின்னஞ்சலில் வரும் நீளக் கடிதங்களுக்கும் இடம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய முகவரி உண்டு, அதற்கு அனுப்பிவிட்டால் பட்டியலில் சேர்ந்துவிடும். அந்தச் செப்டம்பரில் ஆர்மென்ட் டம்ப்ளர் வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகப் பார்க்கப் போனார்.

பிறகு நடந்தவை கைமாறிய கதை. 2013-ல் இன்ஸ்டாபேப்பர் பீட்டாவொர்க்ஸ் நிறுவனத்திடம் போனது, 2016-ல் பின்டரெஸ்டிடம். 2018-ல் மறுபடி தனிக் கடை. பாக்கெட்டை 2017-ல் மொசில்லா வாங்கியது, 2025 ஜூலை 8 அன்று மூடியது. கோபோ மின்நூல் கருவிகளில் பாக்கெட் இருந்த இடத்தில் இப்போது இருப்பது பழைய போட்டியாளரான இன்ஸ்டாபேப்பர்.

மூடுவதற்கு முன், அவரவர் பட்டியலை இறக்கிக்கொள்ள வழி செய்திருந்தார்கள். நானும் இறக்கினேன். நம்மூரில் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். என் பட்டியலும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. தலைப்பு, முகவரி, சேர்த்த தேதி, கடைசியில் ‘படிக்கவில்லை’. கட்டுரைகளின் வாசகம் அதில் வராது. சோறு வாங்கிய கடைகளின் விலாசம் மட்டும் வரிசையாக இருந்தது. ஆகப் பழைய விலாசத்தைத் தட்டிப் பார்த்தேன். அந்தத் தளமே இப்போது இல்லை.