நியூபோர்ட்டில் 27 சுற்றுகள்

வானொலி வீட்டிலே இருக்க, திறந்த வெளியில் நள்ளிரவு வரை குந்தியிருந்து ஜாஸ் கேட்க வேண்டுமா என்று நேயர் ஒருவர் எழுதியிருந்தார். வானொலியிலே பேசுகிற எனக்குக் கொஞ்சம் சங்கடமான கேள்விதான். விடையாக ஓர் இரவின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலே, செல்வந்தர்கள் கோடையைக் கழிக்கும் கடற்கரை நகரம் நியூபோர்ட். லொரிலார்ட் தம்பதியரின் ஆதரவோடு ஜோர்ஜ் வெய்ன் 1954இல் அங்கே ஜாஸ் விழாவைத் தொடங்கினார். மதுச்சாலைப் புகைக்குள் ஒலித்த கறுப்பின மக்களின் இசை கடற்காற்றுக்கு வந்தது.

1956 யூலை 7. டியூக் எலிங்டனின் வாத்தியக் குழுவைப் பழசென்று ஒதுக்கத் தொடங்கியிருந்த காலம். (அக்குழு 1963இல் கொழும்புக்கும் வந்து வாசித்தது.) நேரமாகிவிட்டது, சனம் எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. எலிங்டன் 1937இல் ஆக்கிய இரண்டு புளூஸ் உருப்படிகளை எடுத்தார். இரண்டுக்கும் நடுவே போல் கொன்சால்வஸ் சாக்ஸபோனுடன் எழுந்தார். புளூஸின் அதே சிறு சுற்றை, ஒவ்வொரு முறையும் வேறு விதமாக, 27 தடவை ஓயாமல் வாசித்தார். மேடையோரத்தில் ட்ரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் சுருட்டிய பத்திரிகையால் தட்டித் தாளம் கொடுத்தார். பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன்! கறுப்பு உடையணிந்த பெண்ணொருத்தி எழுந்து ஆடினாள். சனம் கதிரைகளில் ஏறி நின்றது. குழப்பம் மூண்டுவிடுமென்று அஞ்சிய வெய்ன் நிறுத்தச் சொன்னார், எலிங்டன் கேட்கவில்லை.

இனித்தான் சங்கதி. கொன்சால்வஸ், இசைத்தட்டுக் கம்பனியின் ஒலிவாங்கியை விட்டு, பக்கத்திலிருந்த 'அமெரிக்கக் குரல்' வானொலியின் ஒலிவாங்கிக்குள் ஊதிவிட்டார்! கம்பனியின் பதிவிலே சாக்ஸபோன் எங்கோ தூரத்தில் முனகுகிறது. அது போதாதென்று, அன்றிரவின் வேறு சில உருப்படிகளைக் கலையகத்தில் திரும்ப வாசித்து, கைதட்டலையும் ஒட்டி இசைத்தட்டை வெளியிட்டார்கள். அந்த ஒட்டுக் கைதட்டலில் மயங்கியவர்களில் நானும் ஒருவன்.

பல ஆண்டுகளின் பின் வானொலியின் நாடா அகப்பட்டது. இரண்டு நாடாக்களையும் பொருத்தி 1999இல் முழு நிகழ்ச்சியையும் வெளியிட்டனர். அதிலே சாக்ஸபோன் கிட்ட நிற்கிறது. ஆனால் என் காது போனது சனத்தின் சத்தத்துக்கு. அவர்கள் கத்த, அவர் இன்னொரு சுற்று எடுக்க, மறுபடி கத்த, ஆளை இருக்க விட்டார்களில்லை. வெற்றுக் கதிரைகளுக்கு முன்னே 27 சுற்று வந்திராது என்பது என் துணிபு.

அந்த நேயருக்கு அப்பதிவின் பெயரைத் தனியே எழுதி அனுப்புகிறேன். சாய்கதிரையிலிருந்தே கேட்கட்டும். சாய்ந்தபடியே இருக்க முடிந்ததா என்று பிறகு எழுதட்டும்.