கீஸ் பெண்ட் ஒட்டுப் போர்வைகள்

கீஸ் பெண்ட் என்பது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆற்றின் வளைவில் அமைந்துள்ள சிற்றூர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்கின்றனர். பலருடைய குடும்பப் பெயரான 'பெட்வே', முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த தோட்ட முதலாளியின் பெயராகும்.

குளிரைத் தாங்க இவ்வூர்ப் பெண்கள் நைந்த வேலை உடைகளை வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு வைத்துப் போர்வை தைத்தனர். அவற்றில் முழங்கால் பகுதி வெளுத்திருக்கும். பை இருந்த இடம் மட்டும் நிறம் மங்காதிருக்கும்.

1942இல் மிசூரி பெட்வே, இறந்த கணவரின் வேலை உடைகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைத்து, அந்த அன்பைப் போர்த்திக்கொள்ளவே தாய் அதைத் தைத்தார் என்று மகள் அர்லோன்சியா பின்னாளில் கூறினார்.

இவ்வூர்ப் போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன.

கல்வெட்டும் ஏடும் வரலாற்றுச் சான்றுகள் என்று படிக்கிறோம். எழுதிவைக்க வாய்ப்பில்லாத உழைப்பாளர் குடும்பங்களுக்குப் பழந்துணியும் சான்றே. ஆனால் அது யார் உடுத்திய துணி என்பதைத் துணி சொல்லாது. அதை அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.