காட்டினூடே ஒரு மிதிவண்டித் தடம்



சரித்திரம் என்றதும் முடியும் வாளும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால், ஒரு காட்டினூடே செல்லும் பாதை எத்துணை அகலம் இருத்தல் வேண்டும், அதில் எவர் செல்லலாம், அதற்கான செலவை எவர் ஏற்பது என்பனவும் சரித்திரக் கேள்விகளே. இக்கேள்விகளுக்கு ஒரு சிறு நாட்டு மக்கள் நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிய வரலாற்றை இன்று காண்போம். அந்நாடு நெதர்லாந்து, அந்தக் காட்டின் பெயர் வேலுவே.

நெதர்லாந்து கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த சமநிலம் என்று பூகோள நூலில் படித்திருப்பீர்கள். அது முழு உண்மையன்று. அந்நாட்டின் நடுப்பகுதியில், கெல்டர்லாந்து மாகாணத்தில், ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேட்டு நிலம் ஒன்று உள்ளது. பண்டைய பனிக்கட்டி யுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பெரும் பனிப்பாளங்கள் மண்ணையும் கூழாங்கற்களையும் நெருக்கித் தள்ளியதால் எழுந்த மேடு அது. அதன் உச்சி ஏறத்தாழ 110 மீட்டர் உயரமே. மலைநாட்டார் இதைக் கேட்டு நகைக்கலாம். நெதர்லாந்து மக்களுக்கு அதுவே மலை.

இன்று அங்கே பைன் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆயினும் அது ஆதிகாலந்தொட்டு நின்ற காடு அன்று. இடைக்காலத்தில் மக்கள் மரங்களை வெட்டினர். ஆடுகளை மிகுதியாக மேய்த்தனர். புல்லையும் புதரையும் மண்ணோடு பெயர்த்து வயலுக்கு எருவாக்கினர். போர்வை இழந்த மணல் காற்றில் பறந்து வயல்களையும் ஊர்களையும் மூடலாயிற்று. அம்மணலைக் கட்டி நிறுத்தவே மரம் நடும் பணி தொடங்கியது. 1899-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அரசு வனத்துறை அப்பணியைப் பெரிய அளவில் மேற்கொண்டது. வளர்ந்த மரங்களுக்கு வேலையும் காத்திருந்தது: லிம்பர்க் நிலக்கரிச் சுரங்கங்களின் கூரையைத் தாங்கப் பைன் முட்டுக்கட்டைகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. ஆகவே வேலுவே மனிதன் கெடுத்த நிலமுமாகும். மனிதன் மீட்ட காடுமாகும். இதனை மனத்திற் கொள்க.

இனி மிதிவண்டிக்கு வருவோம். 1883-ஆம் ஆண்டு உத்ரெக்ட் நகரில் மிதிவண்டி ஓட்டுவோர் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அக்காலத்தில் மிதிவண்டி செல்வர்களின் பொழுதுபோக்கு. 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர் டயரை உருவாக்கிய பின்னர், வண்டியில் அமர்வது எளிதாயிற்று. பின்னாளில் விலையும் இறங்கியது. ஆசிரியரும் எழுத்தரும் தொழிலாளியும் அதில் ஏறினர். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரை விட்டுக் காட்டை நாடினர்.

காட்டில் அவர்களை வரவேற்றது மணல். உலர்ந்த மணலில் மிதிவண்டி ஓட்ட முயன்ற எவரும் அறிவர்: சக்கரம் புதையும், வண்டி சாயும், இறுதியில் வண்டியை நாம் சுமக்க நேரிடும். குதிரை வண்டிக்கு ஏற்ற தடங்கள் மிதிவண்டிக்கு ஏற்றவையாக இல்லை. ஆகவே ஆங்காங்கே மக்களே மிதிவண்டிப் பாதைச் சங்கங்களை அமைத்தனர். அவற்றுள் புகழ் பெற்ற ஒன்று 1914-இல் வேலுவேக்கு மேற்கேயுள்ள வட்டாரத்தில் தோன்றியது. சந்தா திரட்டினர், நிலவுடைமையாளரிடம் இசைவு பெற்றனர், மணல்மீது கடற்சிப்பிகளைப் பரப்பி இறுக்கி, இருவர் செல்லத்தக்க குறுகிய பாதைகளை அமைத்தனர். மரங்களை வீழ்த்தாமல் அவற்றினிடையே வளைந்து செல்லும் பாதைகள் அவை.

பாதை மட்டும் போதுமா? வழி தெரிய வேண்டுமே! உத்ரெக்டில் பிறந்த சங்கம் 1894-ஆம் ஆண்டு முதல் வழிகாட்டிக் கம்பங்களை நாட்டத் தொடங்கியது. 1919-இல் பார்ன் என்னும் ஊரில் புதுவகைக் கல் ஒன்றை நட்டது. முழங்கால் உயரம், காளானைப் போன்ற வடிவம், தலைப்பகுதியில் ஊர்ப்பெயரும் தொலைவும், ஒவ்வொன்றுக்கும் தனி எண். நெடிய கம்பத்தை விட அதற்குச் செலவு குறைவு; காட்டின் தோற்றத்தையும் அது கெடுக்காது. மெதுவாகச் செல்பவன் குனிந்து படிக்கலாம். விரைந்து செல்பவனுக்கு அது கண்ணில் படாது. அக்கல்லை மக்கள் காளான் என்றே அழைக்கின்றனர். இன்றும் வேலுவேயில் அதைக் காணலாம்.

ஆர்னெம் நகருக்கு அருகே போஸ்பாங்க் என்றொரு குன்று உண்டு. அதில் ஏறுவது பந்தய மிதிவண்டி வீரர்களுக்குத் தனி மகிழ்ச்சி. போஸ் என்பவர் மேற்சொன்ன சங்கத்தின் நிர்வாகியாக இருந்தவர். அவரைச் சிறப்பிக்கும் வகையில் 1918-இல் அங்கு ஓர் இருக்கை அமைத்தனர். ‘பாங்க்’ என்னும் டச்சுச் சொல்லுக்கு இருக்கை என்பது பொருள். குன்றுக்கு அரசன் பெயரோ தளபதி பெயரோ வாய்க்கவில்லை; மிதிவண்டிச் சங்க நிர்வாகியின் பெயர் வாய்த்தது! 1930-இல் அதைச் சூழ்ந்த பகுதி நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று.

இனி, இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 1924-ஆம் ஆண்டு அரசு மிதிவண்டிக்கு வரி விதித்தது. வரி செலுத்தியதற்கு அடையாளமாக ஒரு செப்புத் தகட்டை வண்டியில் மாட்ட வேண்டும். வேலையற்ற ஏழைக்குத் தகடு இலவசம். ஆனால் அத்தகட்டில் ஒரு துளை இருக்கும். அவனது வறுமையை வீதியில் செல்வோரெல்லாம் காண வழி செய்த துளை அது! வரிப்பணம் சாலை நிதிக்குச் சென்றது. அந்நிதியால் எழுந்த நல்ல சாலைகளில் மேன்மேலும் ஓடியவை மோட்டார் வண்டிகள். இவ்வரி 1941-இல் ஒழிந்தது. ஒழித்தது, நாட்டைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானிய ஆட்சி! அதே ஆட்சி, போரின் பிற்பகுதியில் மக்களின் மிதிவண்டிகளையே பறித்தது.

போருக்குப் பின் மோட்டார் வண்டி பெருகியது. வேலுவேயின் குறுக்கே அதிவேக நெடுஞ்சாலைகள் வந்தன. மானும் காட்டுப்பன்றியும் தலைமுறை தலைமுறையாகக் கடந்து வந்த வழிகள் அடைபட்டன. ஒரே காடு துண்டுகளாயிற்று. ஆர்னெமையும் அப்பெல்தூர்ன் நகரையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் மேல் 1988-ஆம் ஆண்டு இரண்டு பாலங்களைக் கட்டினர். அவற்றில் வண்டிகள் செல்வதில்லை. மண்ணும் செடியும் பரப்பி விலங்குகளுக்கென்றே விட்ட பாலங்கள் அவை. நெதர்லாந்தில் அவ்வகையில் அவையே முதலாவன. சிப்பி பரப்பிய குறுகிய பாதைக்கு இத்தகைய பரிகாரம் தேவைப்பட்டதில்லை என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வேலுவேயின் நடுவே ஏறத்தாழ 5,400 ஹெக்டேர் பரப்புள்ள ஹோகே வேலுவே பூங்கா உள்ளது. க்ரோலர் என்னும் வணிகரும் அவர் மனைவி ஹெலனும் 1909 முதல் வாங்கிச் சேர்த்த நிலம் அது. வணிகம் நொடித்தபோது அதனைத் துண்டு துண்டாக விற்றிருக்கலாம். அவ்வாறு விற்காமல், 1935-இல் அரசுக் கடனின் துணையோடு ஓர் அறநிறுவனத்திடம் ஒப்படைத்தனர். வான்கோவின் ஓவியங்கள் நிறைந்த ஹெலனின் கலைச்செல்வம் நாட்டுக்குரியதாயிற்று. 1938-இல் அதற்குரிய காட்சிச்சாலை பூங்காவிலேயே திறக்கப்பட்டது. 1970-களின் நடுப்பகுதியிலிருந்து அங்கு வெள்ளை மிதிவண்டிகள் நிற்கின்றன. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. நுழைவுச்சீட்டு வாங்கியவர் எவரும் ஒன்றை எடுத்து ஓட்டிச் சென்று திருப்பி வைக்கலாம். அதற்குத் தனிக்கட்டணம் இல்லை. 1965-இல் ஆம்ஸ்டர்டாம் இளைஞர்கள் பொதுவுக்கென வெள்ளை மிதிவண்டிகளைத் தெருவில் விட்டபோது, பூட்டில்லாத வண்டி சட்டவிரோதம் என்று காவலர் கைப்பற்றினர். நகரம் ஏற்க மறுத்த எண்ணத்துக்குக் காடு இடங்கொடுத்தது.

பின்னும் ஒரு செய்தி. 1990-களில் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில், சுரங்கப் பொறியியலர் ஒருவர் பாதைச் சந்திப்புகளுக்கு எண்ணிடும் முறையை வகுத்தார். ஊர்ப்பெயர் தெரியாதவனும் எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு நாள் முழுதும் வழி தவறாது செல்லலாம். நெதர்லாந்தும் அதனை ஏற்றது; வேலுவேயிலும் அவ்வெண்களே இன்று வழிகாட்டுகின்றன. ஒரு காலத்தில் காடு சுரங்கத்துக்கு முட்டுக்கட்டை தந்தது. பின்னாளில் சுரங்கத்தின் அறிவு காட்டுக்கு வழி தந்தது.

ஆனால் வரலாறு முடிந்துவிடவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக அற்றுப்போயிருந்த ஓநாய் 2018-இல் வேலுவேயில் மீண்டும் குடியேறியது. 2019-இல் குட்டிகளும் ஈன்றது. மனிதனும் ஓநாயும் ஒரே காட்டைப் பகிர்வது எங்ஙனம் என்ற விவாதம் அங்கே இப்போது வலுத்துள்ளது. விரைந்து செல்லும் பந்தய வண்டியும் குழந்தையோடு மெல்லச் செல்லும் குடும்பமும் ஒரே பாதையைப் பகிர்வது எங்ஙனம் என்பதும் எளிய கேள்வியன்று.

மாணவர்களே, காட்டைப் பூட்டி வைத்தால் அதன்மீது மக்களுக்கு அன்பு பிறவாது. அகலத் திறந்துவிட்டால் அன்பு செலுத்தக் காடே எஞ்சாது. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பாதையை, சந்தா திரட்டிய சாதாரண மனிதர்கள் கண்டுபிடித்தனர். நாளை உங்களுள் ஒருவர் பொறியியலராகவோ ஆட்சியாளராகவோ அமர்ந்து, ஒரு காட்டின் வரைபடத்தின் மீது கோடு இழுக்க நேரலாம். அவ்வேளை, அக்கோட்டின் அகலம் என்ன, அதில் எவர் செல்வர், அதன் விலையை எவர் தருவர் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.