வல்லாரை முதல் சால்மன் டி.என்.ஏ. வரை: கொரிய சருமப் பராமரிப்பின் பின்னணியில் உள்ள அறிவியல் என்ன?

புது தில்லி: தென் கொரியாவின் அழகுசாதனப் பொருள் ஏற்றுமதி 2024-ஆம் ஆண்டில் முதன்முறையாக 1,000 கோடி டாலரைக் கடந்தது. அந்நாட்டு உணவு மற்றும் மருந்துப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்குப்படி, அவ்வாண்டின் ஏற்றுமதி ஏறத்தாழ 1,020 கோடி டாலர். அமெரிக்கச் சந்தைக்கு அழகுசாதனப் பொருள்களை அனுப்பும் நாடுகளின் வரிசையில் பிரான்ஸை முந்தி கொரியா முதலிடம் பிடித்ததும் அதே ஆண்டில்தான்.

கொரியத் தொடர்களும் பாப் இசைக் குழுக்களுமே இந்த வளர்ச்சிக்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அதில் உண்மை உண்டு. எனினும், திரை நட்சத்திரத்தைப் பார்த்து ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் வாங்குவதற்கு வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை ஆய்வகத்திலும் சட்டப் புத்தகத்திலும் தேட வேண்டியுள்ளது.

எண்ணெய் வியாபாரத்தில் தொடங்கிய ஆய்வகம்

கொரியாவின் மிகப்பெரிய அழகுசாதன நிறுவனமான அமோர்பசிபிக், 1930-களில் கேசாங் நகரில் யுன் டோக் ஜியோங் என்ற பெண்மணி காமெலியா விதை எண்ணெய் ஆட்டி விற்றதில் தனது வேரைக் காண்கிறது. அவருடைய மகன் சு சங் ஹ்வான் 1945-இல் நிறுவனத்தைத் தொடங்கினார். போர் முடிந்த மறு ஆண்டான 1954-இலேயே ஆய்வகம் ஒன்றையும் அமைத்தார். ஜின்செங் கிழங்கை மூலப்பொருளாகக் கொண்ட கிரீம் 1966-இல் வெளிவந்தது. திரவ ஒப்பனைப் பொருளைப் பஞ்சில் ஊறவைத்து டப்பியில் அடைக்கும் 'குஷன்' முறையை 2008-இல் இந்நிறுவனம் அறிமுகப்படுத்தியது. மை நிரம்பிய முத்திரைக் கட்டையே அதற்குத் தூண்டுகோல்.

இன்று கடைகளில் காணப்படும் நூற்றுக்கணக்கான சிறிய பிராண்டுகளுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. 1990-இல் தொடங்கப்பட்ட கோல்மார் கொரியா, 1992-இல் தொடங்கப்பட்ட காஸ்மேக்ஸ் போன்ற ஒப்பந்த உற்பத்தி நிறுவனங்களே கலவையை உருவாக்கி, சோதித்து, தயாரித்துக் கொடுக்கின்றன. ஆய்வகம் வைக்க வசதியற்ற புதிய நிறுவனத்துக்கும் பல ஆண்டு ஆய்வின் பலன் இவ்வழியில் கிடைத்துவிடுகிறது. வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் சீரங்கள் ஒன்றுபோலத் தோன்றுவதற்கும் இதுவே ஒரு காரணம்.

சட்டம் வகுத்த தனி வகை

மருந்துச் சட்டத்தின் கீழ் இருந்த அழகுசாதனப் பொருள்களுக்கு கொரியா 1999-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2000-இல் அது நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் 'செயல்திறன் கொண்ட அழகுசாதனப் பொருள்' என்ற வகையை உருவாக்கியது. சருமத்தைப் பொலிவாக்குதல், சுருக்கத்தைக் குறைத்தல், புற ஊதாக் கதிரிலிருந்து காத்தல் ஆகிய மூன்றும் முதலில் இவ்வகையில் இடம்பெற்றன. இத்தகைய பலனை உறையில் அச்சிட விரும்பும் நிறுவனம், விற்பனைக்கு முன்பே அரசின் ஆய்வுக்கு ஆதாரம் அளிக்க வேண்டும் அல்லது முறைப்படி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.

இதில் நுகர்வோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உள்ளது. பொலிவுக்கு 2 முதல் 5 சதவீத நியாசினமைடு, சுருக்கத்துக்கு 0.04 சதவீத அடினோசின் என அரசே சில மூலப்பொருள்களையும் அளவுகளையும் அறிவித்துள்ளது. அந்த அளவில் அவற்றைச் சேர்க்கும் நிறுவனம் பலனுக்கான புதிய ஆதாரத்தைத் தர வேண்டியதில்லை. ஆகவே உறையில் உள்ள அரசு அங்கீகாரம், மூலப்பொருளின் மீதான நம்பிக்கையைக் காட்டுகிறதே தவிர, கையில் உள்ள குறிப்பிட்ட கிரீம் தனியாகச் சோதிக்கப்பட்டது என்று பொருளாகாது.

தடுப்புச் சுவரைக் காப்பது

கொரிய முறையின் மையக் கருத்து எளிமையானது. சருமத்தின் வெளி அடுக்கு செங்கல் சுவர் போன்றது. இறந்த செல்கள் செங்கற்கள்; செராமைடு, கொழுப்பு அமிலம், கொலஸ்டிரால் ஆகியவை அவற்றைப் பிணைக்கும் சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். எரிச்சலூட்டும் பொருள் உள்ளே நுழையும். சருமத்தின் மேற்பரப்பு இயல்பில் சற்றே அமிலத்தன்மை கொண்டது. வழக்கமான சோப்போ காரத்தன்மை மிக்கது. காரத்தன்மை குறைந்த முகக் கழுவி, செராமைடு கிரீம், நாள்தோறும் சன்ஸ்கிரீன் என்ற கொரியப் பழக்கம் இந்த அறிதலிலிருந்து வந்ததாகும். அமெரிக்காவில் பிரபலமான 'பத்துப் படி' வழக்கம் இதற்கு அவசியமே இல்லை.

'சிகா' என்ற பெயரில் விற்கப்படும் கிரீம்களின் மூலப்பொருள் தமிழர்களுக்குப் புதியதன்று. 'சென்டெல்லா ஏசியாட்டிகா' என உறையில் அச்சிடப்படுவது, துவையலாகவும் கீரையாகவும் உண்ணப்படும் வல்லாரையே. இதிலுள்ள ஏசியாட்டிகோசைடு, மடகாசோசைடு ஆகிய சேர்மங்கள் காயம் ஆறுவதற்குத் துணைபுரிகின்றன. இச்செடியின் சாற்றைக் கொண்ட 'மடகாசோல்' களிம்பு கொரிய வீடுகளில் நெடுங்காலமாக வெட்டுக்காயத்துக்குப் பூசப்பட்டு வந்தது; அழகுசாதனமாக அது பின்னரே உருமாறியது. சிவந்து எரியும் சருமத்தை அமைதிப்படுத்துவதில் வல்லாரைக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உள்ளது. சாற்றைப் பிரித்து அளவிட்டுப் பயன்படுத்தும்போதே அப்பலன் கிடைக்கும். கீரையை அரைத்து முகத்தில் பூசுவது அதற்கு ஈடாகாது.

எல்லாப் பொருளுக்கும் இதே அளவு ஆதாரம் உண்டு எனக் கூற இயலாது. நத்தைச் சுரப்பு 96 சதவீதம் என்பது கேட்க வியப்பாக இருந்தாலும், அச்சுரப்பின் பெரும்பகுதி நீர்தான். அண்மையில் பேசப்படும் பி.டி.ஆர்.என்., சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து பிரிக்கப்படும் டி.என்.ஏ. துண்டுகள் ஆகும். மருத்துவர்கள் ஊசி மூலம் செலுத்துவது ஒன்று. கிரீமில் கலந்து பூசுவது வேறு. 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் சேதமடையாத சருமத்தை ஊடுருவுவது கடினம் என்பது தோலியலில் அறியப்பட்ட பொது விதி. பி.டி.ஆர்.என். மூலக்கூறுகளோ அதைவிடப் பன்மடங்கு பெரியவை. ஊசியின் பலனைச் சொல்லி கிரீமை விற்பதை ஏற்பதற்கில்லை.

சன்ஸ்கிரீன் தந்த அதிர்ச்சி

அறிவியலின் பெயரால் வளர்ந்த இத்துறைக்குப் பெரும் அடி 2020-ஆம் ஆண்டின் இறுதியில் விழுந்தது. எஸ்.பி.எஃப். 50+ என விற்கப்பட்ட பிரபல கொரிய சன்ஸ்கிரீன் ஒன்றை ஐரோப்பிய ஆய்வகங்களில் சோதித்தபோது, உண்மையான அளவு ஏறத்தாழ 19 மட்டுமே எனத் தெரியவந்தது. எஸ்.பி.எஃப். 50 சருமத்தைச் சிவக்கச் செய்யும் கதிரில் சுமார் 2 சதவீதத்தை மட்டும் அனுமதிக்கும். 19 எனில் 5 சதவீதத்துக்கும் அதிகம். அப்பொருள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. குறையைக் கண்டறிந்தது அரசு அமைப்பு அன்று. மூலப்பொருள் பட்டியல்களை விளக்கும் இணையதளம் நடத்துவோர் முன்வந்து செய்த சோதனையே அதை வெளிக்கொணர்ந்தது.

இந்தியர்களுக்கு இது வெறும் எண் கணக்கன்று. கருமை மிகுந்த சருமத்தில் பரு ஆறிய இடத்திலும் கரும்புள்ளி நீண்ட நாள் தங்கிவிடும். மங்கு எனப்படும் முகக் கருமையும் வெயிலால் தீவிரமடையும். அதற்காக சன்ஸ்கிரீனை நம்புவோருக்கு உறையில் உள்ள எண் உண்மையாக இருப்பது அவசியமாகிறது. கொரியக் குளிர்காலத்தின் வறட்சிக்காகச் செய்யப்பட்ட கனமான கிரீம்கள், ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் சிலருக்குப் பருவைத் தூண்டக்கூடும். 'பொலிவு' என்ற சொல்லை இங்கே பலர் 'வெண்மை' என்றே வாசிக்கின்றனர். நியாசினமைடு, நிறமி மேல் செல்களுக்குச் செல்வதைக் குறைத்துக் கரும்புள்ளிகளை மங்கச் செய்யும்; பிறவி நிறத்தை மாற்றாது.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, இறக்குமதி செய்யப்படும் ஒவ்வொரு பொருளும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழின் எண்ணும், பதிவு பெற்றவரின் பெயர், முகவரியும் உறையிலோ ஒட்டப்பட்ட தாளிலோ இருக்க வேண்டும். கொரிய எழுத்துகள் மட்டும் உள்ள டப்பியை யாரேனும் பாதி விலைக்கு விற்றால், முதலில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.