சவுக்கு மரமும் கிறிஸ்துமஸ் விழாவும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் ரேணிகுண்டா இரயில்வே காலனியில் ஒரு வாசலில் கோலமும் அடுத்த வாசலில் காகித நட்சத்திரமும் காட்சி தரும். கிறிஸ்தவ அன்பர் இல்லங்களில் சவுக்குக் கிளையொன்று பச்சைப் பசேலென நிற்கும். நம் பிள்ளைகள் அனைவரும் கூடி அதில் பஞ்சு ஒட்டி மகிழ்வர். இச்சவுக்கின் வரலாற்றை ஆராயப் புகுந்த நாம், அது நம் இரயில்வேக்கே உறவுடையது எனக் கண்டு வியந்தோம்.

வீட்டினுள் மரம் நிறுத்தி அழகு செய்தல் ஜெர்மானியர் வழக்கம். 1605ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தார் ஃபர் மரத்தில் காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்டனர் என்று குறிப்பு உண்டு. 1848இல் விக்டோரியா அரசியாரின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரம் லண்டன் பத்திரிகையில் வெளிவரவே, ஆங்கில நாடெங்கும் அது பரவிற்று. நம் பக்கத்தில் 1853இல் தோன்றிய அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் சித்தூரையும் தன் களமாகக் கொண்டது. ஆனால் குளிர்நாட்டு ஃபர் மரத்திற்குச் சித்தூர் வெயிலில் இடமேது?

அவ்விடத்தை நிரப்பியது சவுக்கு. 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு நோக்கி இரயில் ஓடத் தொடங்கிற்று. வங்காள நிலக்கரி தொலைவில் இருந்தது. இங்கிலாந்து நிலக்கரியோ விலை மிகுந்தது. ஆகவே இன்ஜின்கள் விறகையே தின்றன. காடுகள் அழியக் கண்ட அரசாங்கத்தார், 1860களில் சென்னை இராசதானியின் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளை வளர்க்கலாயினர். சிங்கரேணியில் 1889இல் நிலக்கரி வெட்டத் தொடங்கினர். இன்ஜினுக்கு விறகின் தேவை பையக் குறைந்தது. தோப்புகள் மட்டும் நிலைத்தன. சூளூர்ப்பேட்டைப் பக்கம் இன்றும் அவற்றைக் காணலாம். ஊசியிலை போல் தோன்றினும் சவுக்கு பைன் இனத்தது அன்று. நாம் இலையென எண்ணுபவை மெல்லிய சிறு கிளைகளே; மெய்யான இலைகள் கணுதோறும் செதிலாய் ஒடுங்கியிருக்கும்.

இன்ஜினில் எரிப்பதற்கென்றே வளர்த்த மரமல்லவா? அதன் குணத்தை நாம் ஓராண்டில் நேரில் கண்டோம். மணல் நிரப்பிய வாளியில் நட்ட கிளை ஒரு வாரத்தில் சருகாயிற்று. மின்சாரம் நின்ற இரவில் குழந்தையொன்று அதனருகே மெழுகுவத்தி ஏற்றிற்று. நொடியில் திரைச்சீலைவரை தீ எழுந்தது. நனைந்த கோணிப்பையால் அணைத்தோம். யாருக்கும் தீங்கில்லை, எனினும் சுவரின் கரி நெடுநாள் போகவில்லை. 1882இலேயே நியூயார்க் நகரில் எட்வர்ட் ஜான்சன் என்பார் மெழுகுவத்திக்கு மாற்றாக 80 மின்விளக்குகளை மரத்தில் கட்டிவிட்டார். நாம்தான் தாமதமாகக் கற்றோம்!

அன்று முதல் கிளை வந்தவுடன் அடியில் ஓர் அங்குலம் புதிதாய் அறுத்து, உடனே நீருள்ள வாளியில் நிறுத்துகிறோம். சாயாதிருக்கச் செங்கற்களை நெருக்கி அடுக்குகிறோம். முதல் நாள் நீரை மிகுதியாய்க் குடிக்கும். வெட்டுவாய் நீருக்குமேல் தெரியலாகாது. சர்க்கரை, ஆஸ்பிரின் என்று சிலர் கலப்பர். வெறும் நீரே போதும். அடுப்பு, குத்துவிளக்கு, மின்விசிறிக் காற்று மூன்றுக்கும் எட்டத்தில் வைத்து, எல்.இ.டி. விளக்கையும் உறங்குமுன் அணைக்கிறோம். நுனியை வளைத்தால் ஒடியுமாயின், பண்டிகை முடியாவிடினும் வெளியேற்றிவிடுவோம்.

ஜனவரி 6ஆம் நாள் கடந்ததும் கிளை கொல்லைக்குப் போகும். ஒரு வாரம் காய்ந்தபின் பொங்கலன்று நம் வீட்டுப் பானையின் அடியில் அது விறகாகும். அதை வெட்டித் தருபவர் எதிர்வீட்டுக் கிறிஸ்தவ நண்பரே.