தேரடியிலிருந்து இசைத்தட்டுக்கு



வரலாறு என்றவுடன் மன்னர்களின் போர்களும் ஆட்சியாண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு நாட்டு மக்கள் எந்த இசையைக் கேட்டு மகிழ்ந்தனர், அதைக் கேட்கும் பேறு யார் யாருக்கு வாய்த்தது என்பனவும் வரலாறேயாகும். காவிரிப் படுகையின் நாகசுர இசை, சுழலும் கருநிறத் தட்டில் ஏறிய கதையை அந்த நோக்கிலே காண்போம்.

தஞ்சைத் தரணியிலே பெரிய மேளம் என்பது ஒரு தனிக் கருவியன்று. நாகசுரம், தவில், தாளம், ஒத்து ஆகியவை கூடிய ஒரு குழுவாகும். கோயிலுக்கு விடப்பட்ட நன்செய் நிலங்களின் நெல்லே இக்கலைஞர்க்குச் சோறிட்டது. சுவாமி புறப்படும்போது மல்லாரி முழங்கும். பின்னர், வீதிதோறும் இராக ஆலாபனை விரியும். திருவிழா இரவுகளில் ஓர் இராகமே மணிக்கணக்கில் நீளும். எனினும் அவ்விசையின் இடம் கோயிலும் அதனைச் சூழ்ந்த வீதிகளுமே. தீண்டாமை என்னும் கொடுமையால் அங்கே நெருங்க இயலாது நின்றவர் பலர். வாசித்த வித்துவான்களுக்கும் உரிய மதிப்பு இல்லை. மேற்சட்டை அணியாமல், நின்றும் நடந்துமே அவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்தது. 1902-ஆம் ஆண்டில் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். அங்கே பாடிய கௌஹர் ஜான் என்ற அம்மையார், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே கூறினார். அரக்குக் கலவையால் ஆகிய அத்தட்டு, பின்னாளில் நிலைபெற்ற அளவின்படி, நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். தொடக்கத்தில் ஊதுகொம்பு போன்ற குழாயின் முன் வாசித்துப் பதிவு செய்தனர். 1925-க்குப் பின் ஒலிவாங்கி வழக்கிற்கு வரவே, இசையின் நுட்பங்கள் தெளிவாகப் பதிந்தன.

இவ்வாய்ப்பைப் பெற்றவர்களுள் தலையாயவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை. 1898-ஆம் ஆண்டு திருமருகலில் பிறந்த இவர், முதலில் வாய்ப்பாட்டுப் பயின்று, பின் நாகசுரத்தில் தேர்ந்தார். தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, கோட்டும் அணிந்து மேடையேறினார். இதனை வெறும் உடை விருப்பம் என்று கொள்ளலாகாது. கலைஞன் எவர்க்கும் தாழ்ந்தவன் அல்லன் என்று உடையாலும் உணர்த்திய செயல் அது.

கருவியிலும் மாற்றம் நேர்ந்தது. பழைய திமிரி நாகசுரம் குட்டையானது. உயர்ந்த சுருதி உடையது. திறந்த வீதிக்கு ஏற்றது. இராஜரத்தினம் பிள்ளையின் விருப்பத்திற்கிணங்க, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, நீளமும் தாழ்ந்த சுருதியும் உடைய பாரி நாகசுரத்தைச் செம்மைப்படுத்தி அளித்தார். அதன் கார்வை, அமர்ந்து கேட்கும் அவைக்கும் ஒலிவாங்கிக்கும் நன்கு பொருந்தியது.

இரவெல்லாம் விரியவல்ல தோடியை இசைத்தட்டின் சில நிமிடங்களுக்குள் அடக்குதல் எளிதோ? நீட்டிச் சொல்ல நேரமில்லை. ஆதலின் முதல் மூச்சிலேயே இராகத்தின் வடிவம் தோன்றியாக வேண்டும். அவரது தோடி இசைத்தட்டு அதனைச் செய்து காட்டியது, பெரும்புகழும் பெற்றது.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டத்தின் துணை கிடைத்தது 1939-ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டு மே 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையமும் தொடங்கியது. இசைத்தட்டும் வானொலியும் கேட்பவனின் குலத்தை வினவவில்லை. தேரோடும் வீதியில் நிற்க இடம் பெறாதவனும், அவ்வீதியின் இசையைத் தொலைவிலிருந்து கேட்கலாயினான்.

ஆயினும், இழப்பும் உண்டு. சுவாமியைத் தூக்கிச் செல்வோரின் நடைக்கு இயைந்து மல்லாரி நகரும் அழகையும், இரவு முற்ற முற்ற இராகம் கனியும் பொறுமையையும் தட்டு தாங்காது. குருவின் இடத்தையும் அது நிரப்பாது. இராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்றவர் காருகுறிச்சி அருணாசலம். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் அவருடைய நாகசுரம் நாடெங்கும் ஒலித்தது. அத்தேர்ச்சி தட்டைக் கேட்டதனால் மட்டும் வந்ததன்று. குருவின் அருகிருந்து பழகியதனால் வந்தது.

இராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். அவருடைய தோடி இன்று கைப்பேசியிலும் கேட்கிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளில் கிடைக்கும் நாட்பட்ட ஆச்சா மரத்தைத் தேடி, அங்குள்ள கைவினைஞர்கள் கருவி கடைகின்றனர். ஆனால், குறியீடு கருவியைக் காக்கலாம். கேட்கும் செவிகள் இருந்தாலன்றி இசை வாழாது. ஆகவே, பழைய பதிவைக் கேளுங்கள். பின்னர் உங்கள் ஊர்த் திருவிழாவில், சுவாமி கடந்து சென்ற பின்னும் மேளத்தின் அருகே சற்று நில்லுங்கள். பதிவு விட்டுச்சென்றது எது என்பது அங்கே விளங்கும்.